எட்டு கிலோ நாற்பது கிராம்

என் அத்தானின் எடை தொண்ணூற்றாறு கிலோ. இதை நான் சொல்லக் கூடாதுதான். அக்கா புருஷனைப் பற்றி இப்படி எழுதுவது அக்காவுக்கே பிடிக்காது. ஆனால் மூன்று வருடமாக அவர் தன் மோட்டார் சைக்கிளை இளைக்க வைத்த கதையைச் சொல்லப் போகிறேன். அந்த மூன்று வருடத்தில் ஆணி முதல் அச்சாணி வரை எல்லாவற்றையும் நிறுத்து எழுதியவர், இந்த ஒரு எண்ணை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

அத்தானுக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலை. அங்கே மூன்று கவுண்டர். ஒன்றில் படிவம் வாங்க வேண்டும், கடைசியில் பணம் கட்ட வேண்டும். நடுவில் இருக்கும் எடைக் கவுண்டர் அவருடையது. பத்தொன்பது வருடமாக அதே முக்காலி. இருபது கிலோ வரைக்கும் ஒரு கட்டணம், ஒரு கிராம் கூடினாலும் அடுத்த கட்டணம் என்பது அங்கே விதி. வேறு ஆளாக இருந்தால் விதியைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுவார். அத்தான் அப்படியில்லை. பெட்டி இருபது கிலோ அறுபது கிராம் காட்டினால் அவருக்குக் கை துறுதுறுக்கும். டேப்பை அறுத்து, உள்ளே திணித்திருக்கும் காகிதத்தில் கொஞ்சம், ஓரத்து அட்டையில் ஒன்று என்று உருவி, எடையைக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போவார்கள். போய்ச் சேர்ந்த பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான் தூள்தூளாகக் கிடந்தது என்று மாதம் இரண்டு புகாராவது வரும்.

"அது வழியில தூக்கிப் போட்டவங்க தப்பு. எடையில தப்பு இருந்தா சொல்லுங்க" என்பார் அத்தான்.

எடையில் தப்பு இருந்ததே கிடையாது. அதனால்தான் ஊரில் அவருக்கு 'கிராம் சார்' என்று பெயர்.

நான் அவர் மனைவியின் தம்பி. அவர்கள் கீழ்வீட்டில், நான் மாடியில். என் ஜெராக்ஸ் கடை அவர் அலுவலகத்துக்கு நேர் எதிரே. காலையில் எழுந்தாலும் அவர் முகம், மத்தியானம் தலை நிமிர்ந்தாலும் அவர் முகம். எனக்குப் பொறுமை போதாது என்று அக்கா குறைப்படுவாள். இந்த நிலைமையில் இருப்பவனுக்கு எவ்வளவு பொறுமை இருந்தால் போதும் என்று அவள் சொல்லவில்லை.

அத்தானிடம் இருந்தது சாதாரணமான மோட்டார் சைக்கிள். ஆபீஸ் போகிறவர்கள் வாங்குகிற வண்டி, ஆறு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வண்டி. ஒருநாள் காலை மேம்பாலத்தில் ஏறும்போது, முதுகில் பெரிய பெட்டியும் முன்னால் இரண்டு பையும் வைத்திருந்த டெலிவரி ஆள் ஒருவர், அத்தானைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டார். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அத்தானுக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்களாக இருந்தால் வேறு வண்டி வாங்கியிருப்பார்கள், அல்லது மறந்திருப்பார்கள். அத்தான் பத்தொன்பது வருடமாக ஒரே ஒரு வைத்தியம்தான் கற்றவர். எது சரியில்லை என்றாலும் எடையைக் குறைக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், எடை மேடையில் முன்சக்கரம் ஒரு தடவை, பின்சக்கரம் ஒரு தடவை என்று நிறுத்துக் கூட்டினார். நூற்று நாற்பத்தெட்டு கிலோ எழுநூறு. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் எழுதினார். இலக்கு நூற்று இருபத்தைந்து.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அத்தானின் அலுவலகத்துக்குப் போகிற வழியில்தான் அவள் வேலையும். கல்யாணம் ஆன நாளிலிருந்து காலையில் அத்தான் பின்னால் உட்கார்ந்துதான் போவாள். அரை மணி நேரப் பயணம். அவர்கள் மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு என்ன வாங்கி அனுப்புவது, தண்ணீர்க் குழாய் ஏன் ஒழுகுகிறது, லேபில் யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான்.

"வீட்ல அவருக்குக் காது கேக்காதுடா" என்று ஒருதடவை என்னிடம் சொன்னாள். "கையில போன் இருக்கும், இல்லன்னா நோட்டு இருக்கும். வண்டியில ஏறிட்டா கைக்கும் கண்ணுக்கும் வேல இருக்கு, காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காது எனக்கு."

லேபின் முதலாளி வேறு ஊரில் ஒரு கிளை திறந்து, அதற்குப் பொறுப்பாளராக வரச்சொல்லி அக்காவை இரண்டு தடவை கேட்டார். சம்பளமும் கூட, மரியாதையும் கூட. இரண்டு தடவையும் மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "காலைல யார்கூடப் போறது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

சாமான்கள் வர ஆரம்பித்தன. அத்தானின் அலுவலகத்துக்கே பார்சலில் வரும். அவரே வாங்கி, அவரே நிறுப்பார். முதலில் பேட்டரி. பழையது மூன்று கிலோ, புதியது முக்கால் கிலோ. பிறகு அலுமினிய ஹேண்டில்பார். பிறகு நடு ஸ்டாண்டையே கழற்றினார். அது இரண்டரை கிலோவுக்கு மேல். அதற்குப் பிறகு வண்டியை எங்கே நிறுத்தினாலும் சாய்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒருநாள் டைட்டானியம் போல்ட் என்று நான்கு போல்ட் வந்தது. போல்ட்டைவிட அது வந்த அட்டைப்பெட்டி கனமாக இருந்தது. அந்த நான்கையும் உள்ளங்கையில் வைத்து என் கடைக்குக் கொண்டுவந்தார்.

"தூக்கிப் பாரு. இருக்கறதே தெரியல, இல்ல?"

"விலை?"

"நான் எடையைப் பத்திப் பேசிட்டு இருக்கேன்."

விலையைப் பற்றி நானும் பேசப் போவதில்லை. அக்காவே பேசவில்லை.

மெக்கானிக் ஒருவர் இதற்கென்றே வாய்த்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். முந்நூறு கிராம் குறையும் என்று அத்தான் மட்கார்டைக் கழற்றி கார்பன் ஃபைபரில் மாட்டச் சொன்னபோது, அவர் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு மாசம் ராத்திரி சாப்பாட்டப் பாதியாக்குங்க. இந்த மட்கார்டு மாதிரி பத்து மட்கார்டு கொறையும்."

அத்தான் ஒரு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. பிறகு போனார். ஊரில் அவர் சொல்வதைக் கேட்க வேறு மெக்கானிக் இல்லை.

அடுத்தது சைலன்சர். பழையது ஐந்து கிலோ, புதியது இரண்டுகூட இல்லை. லேசான சாமானுக்குச் சத்தம் பலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தான் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே மாடியில் என் டம்ளர் அதிரும். பின்னால் இருந்து அக்கா பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். குழாய் ஒழுகுவதைக் கத்திச் சொல்லலாம். லேபில் யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை என்பதைச் சிக்னலில் நின்றுகொண்டு கத்திச் சொல்ல முடியுமா? அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அத்தானுக்கு அது தெரியவில்லை. அதை அளக்க அவரிடம் கருவி இல்லை.

பிறகு சீட்டின் பஞ்சை எடுத்துவிட்டு மெல்லிய ரப்பர் வைத்தார். எழுநூறு கிராம் லாபம். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கேட்டதற்கு, லேபில் நாள் முழுக்க நிற்பதால் வந்தது என்றாள்.

எல்லாம் செய்தும் நூற்று முப்பத்து மூன்றுக்குக் கீழே வண்டி இறங்கவில்லை. அத்தான் யோசித்தார். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. டேங்கில் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும். அன்றிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் போடுவதில்லை என்று முடிவெடுத்தார். பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர்களுக்கு அவரைப் பார்த்தாலே ஆகாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டி நடுவழியில் நின்றது. ஒருநாள் உச்சி வெயிலில் அவர் வேர்த்து விறுவிறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு என் கடை வாசலைத் தாண்டினார். கேட்காமல் இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன அத்தான், இது தேவையா?"

நின்றார். மூச்சு வாங்கியது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"தள்ளிப் பாரேன்" என்றார். "எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

அந்த வருடக் கடைசியில் மெக்கானிக் கடையில் ஒரு படத்தைப் பார்த்தார். இதே வண்டிதான். பின்பக்கம் சீட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பின்சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டு, ஒற்றை ஆள் சீட்டும் குட்டையான வாலும் வைக்கிற செட் ஒன்று விற்கிறார்களாம். அத்தான் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அறுத்தார்கள். நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்த அறுக்கிற மெஷினைப் பிடுங்கியிருப்பேன் என்று இப்போது வீரம் பேசலாம். அப்போது எனக்கும் தோன்றியிருக்குமோ என்னவோ.

திங்கட்கிழமை காலை நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே அத்தான் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பெருமை பிடிபடவில்லை. அக்கா வழக்கம்போல எட்டு மணிக்கு வெளியே வந்தாள். தோளில் பை, கையில் ஹெல்மெட். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"எவ்வளவு இருக்கும், சொல்லு பாப்போம்" என்றார் அத்தான்.

"எது எவ்வளவு?"

"கொறஞ்சது! கண்ணாலயே பாத்துச் சொல்லு."

"நான் எங்க உக்கார்றது?"

"எட்டு கிலோ நாப்பது கிராம்! ஒரே வெட்டுல!"

"நான் எங்கங்க உக்கார்றது?"

அத்தான் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வி அப்போதுதான் அவருக்கு முதன்முதலாக வருகிறது என்பது மாடியிலிருந்த எனக்கே தெரிந்தது. கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார்.

"எட்டே காலுக்கு ஒரு பஸ் இருக்குல்ல?" என்றார்.

அக்கா மறுபடியும் கதவைத் திறந்தாள். ஹெல்மெட்டை உள்ளே வைத்தாள், பூட்டினாள், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அத்தான் அவளைத் தாண்டிப் போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போனார். நான் வாயில் நுரையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரமே அத்தான் என் கடைக்கு நீல நோட்டோடு வந்தார். லேசான வண்டிக்காரர்களின் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாராம், அவர்களுக்குக் காட்ட முழு நோட்டையும் நகல் எடுத்துத் தர வேண்டுமாம். பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் வைத்து எடுத்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பின்சட்டம், பின்சீட், பின்பிடி, கால்மிதி: 8.040.' அதற்குக் கீழே இன்னொரு வரி. 'ஓட்டும்போது கூடுதலாகக் குறைவது: 58.'

என் அக்காவின் எடை ஐம்பத்தெட்டு.

அந்தப் பக்கத்தை மட்டும் முழுக் கறுப்பாக அடித்து, மெஷின் கோளாறு என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா ஆறு வாரம் பஸ்ஸில் போனாள். வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை. அத்தான் சாப்பிடும்போது எடையைப் பற்றிப் பேசினார், அவள் 'ம்' என்றாள். லேப் முதலாளி மூன்றாவது தடவை கேட்டார். சரி என்றுவிட்டாள்.

அன்று நான் கீழ்வீட்டில்தான் இருந்தேன். ஒன்றாம் தேதி அங்கே சேர வேண்டும், மாதம் ஒருமுறை வருவேன் என்று அக்கா சொன்னாள். அத்தான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அங்க வீட்டு வாடக எவ்வளவாம்?" என்று கேட்டார்.

கேட்பதற்கு அவருக்குக் கிடைத்தது அதுதான். அக்கா வாடகையைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுநாள் காலையில் நான் கடை திறக்கும் முன்னால் என்னையும் இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

"அறுத்தத மறுபடியும் ஒட்டிடுங்க" என்றார்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஒட்டலாம் சார். பாக்கறதுக்குப் பழையபடி இருக்கும். ஆனா அதுமேல ஆள உக்கார வெக்காதீங்க."

"ஏன்?"

"பாரம் தாங்காது சார். நடுரோட்ல பின்னால உக்காந்தவங்களோட கழண்டு போயிடும். எங்கிட்டக் குடுக்கும்போதே சொன்னேனே, வெட்டினா வெட்டினதுதான்னு."

"சொன்னீங்களா?"

"ரெண்டு தடவ சொன்னேன். நீங்க அறுத்த துண்டத் தராசுல வெச்சுப் பாத்துட்டு இருந்தீங்க."

திரும்பி வரும்போது என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை.

மாதக் கடைசியில் அக்கா சாமான்களைப் பார்சலில் போட வந்தாள். மூன்று பெட்டி. தூக்குவதற்கு நான் போனேன். வேறு பார்சல் அலுவலகங்களும் ஊரில் இருக்கின்றன என்று சொல்லிப் பார்த்தேன். "இவர் எடை சரியா போடுவார்" என்றாள். மற்றவர்களைப்போல டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"அடுத்தது" என்றார் அத்தான் நிமிராமல். நிமிர்ந்தவர் முக்காலியிலிருந்து இறங்கி வந்து பெட்டியை அவரே மேடையில் வைத்தார். பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம். இரண்டாவது பெட்டியும் பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம். மூன்றாவதும் அதே. என் வீட்டுக் கைத்தராசை வாங்கி இரண்டு நாள் உட்கார்ந்து கட்டியிருந்தாள். அந்தப் பெட்டிகளிலிருந்து உருவி எடுக்க அத்தானுக்கு ஒன்றும் இல்லை.

"உள்ள என்ன?" படிவத்தில் இருக்கும் கேள்வி. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"துணி. பாத்திரம். கொஞ்சம் புத்தகம்."

"ஒடையற சாமான் இருக்கா?"

"இருக்கு. நெறைய காகிதம் வெச்சுக் கட்டியிருக்கேன்."

அனுப்புபவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். பெறுபவர் என்ற இடத்திலும் அவள் பெயரையே எழுத வேண்டும். முதல் எழுத்தோடு பேனா நின்றுவிட்டது.

"போகாம இருக்க முடியாதா?" என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையே காதைத் தீட்டிக்கொண்டது. அக்கா பைக்குள் எதையோ தேடினாள், பிறகு நிறுத்தினாள்.

"இத வீட்ல கேட்டிருக்கலாமே."

"கேக்கணும்னுதான் இருந்தேன். நான் வேணும்னு பண்ணல. உனக்கே தெரியும்."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா அன்னைக்கே சண்ட போட்டிருப்பேன்" என்றாள். "வாசல்ல வந்து நின்னேன். உங்களுக்கு எட்டு கிலோ தெரிஞ்சுது. நான் தெரியல."

அத்தான் மீதி எழுத்துகளை எழுதி முடித்தார். மூன்று பெட்டியிலும் முத்திரை குத்தினார். ரசீதைக் கிழித்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு பணம் கட்டும் கவுண்டருக்கு நகர்ந்தாள். வெளியே வந்து என் கடைக்குள் உட்கார்ந்து, ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு, அழுதாள். அன்று மத்தியானமே பஸ் ஏற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நடந்ததை அத்தானே பிற்பாடு என்னிடம் சொன்னார். என் கடையில் கிலோவைப் பற்றி வாயே திறக்காமல் அவர் உட்கார்ந்திருந்தது அந்த ஒருநாள்தான். வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தாராம். சிக்னலில் நின்றபோது எதிர்ப்பக்கம் பழைய துணிக்கடைக்குப் புது போர்டு மாட்டியிருந்தார்களாம். எழுத்தெல்லாம் கோணல்மாணல். லேசாகத் தலையைத் திருப்பி, "பாத்தியா, எப்படி எழுதியிருக்கான்!" என்றாராம்.

பக்கத்து வண்டிக்காரர், "என்ன சார்?" என்று கேட்டாராம்.

இரண்டு மாதமாகவே பின்னால் யாரும் இல்லை. அது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.